21 ஆண்டுகள் காத்திருக்கும் சங்கம்

அயர்லாந்தின் இசைக்காரர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு. நல்ல பைப் கலைஞர் ஒருவர் உருவாக 21 ஆண்டுகள் ஆகும்; கற்றுக்கொள்ள 7, பழக 7, வாசிக்க 7 என்பது கணக்கு. அவர்கள் சொல்வது இல்லன் பைப் என்ற வாத்தியத்தை. பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம், ஒலி அவ்வளவு புதிதல்ல. 1997இல் வெளிவந்த 'டைட்டானிக்' படத்தின் பின்னணி இசைக்கு எரிக் ரிக்லர் வாசித்தது இந்த வாத்தியத்தைத்தான். உலகமெங்கும் திரையரங்குகளை நிறைத்த அந்த ஒலி, அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன் அணையப்போகும் விளக்காக இருந்தது. 1968இல் இதை வாசிக்கத் தெரிந்தவர்கள் 100 பேர்கூட இல்லை என்று மதிப்பிடுகிறார்கள். இன்று அயர்லாந்திலும் வெளிநாடுகளிலும் ஆயிரக்கணக்கானோர் வாசிக்கிறார்கள். 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்தக் குழலிசையைச் சேர்த்தது. இந்த மீட்சியின் நடுவில் நின்றது, வாத்தியக்காரர்கள் தாங்களே கூடி அமைத்துக்கொண்ட ஒரு சிறிய சங்கம். ஊர் இசைக்கலைஞர்களைத் தாங்கிப்பிடிக்கும் சங்கம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிய, இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஒலிபெருக்கியில்லாமல் ஒரு கூடத்துக்குள் வாழ்கிற இசைக்கு, மேடைக்கும் புகழுக்கும் முன்பாகக் காத்திருக்கத் தெரிந்த ஓர் அமைப்பு வேண்டும். அந்தப் பொறுமை சந்தைக்கு இல்லை, அரசுத் திட்டங்களுக்கும் இல்லை. சங்கத்துக்கு மட்டுமே உண்டு என்பதுதான் இந்தக் கதை சொல்லும் பாடம்.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். இது ஏன் தனியாளால் காப்பாற்றப்பட முடியாதது என்பது அதன் உடலிலேயே தெரிகிறது. 'இல்லெ' என்றால் ஐரிஷ் மொழியில் முழங்கை. ஸ்காட்லாந்தின் பைப்பை வாயால் ஊதியபடி நடந்துகொண்டே வாசிக்கலாம். திறந்தவெளிக்கான வாத்தியம் அது. இல்லன் பைப்பைப் பெரும்பாலும் உட்கார்ந்தே வாசிப்பார்கள். வலது முழங்கைக்குக் கீழே கொல்லன் பட்டறையில் இருப்பதுபோன்ற ஒரு சிறு துருத்தி. அது தள்ளும் காற்று இடது கைக்கு அடியிலுள்ள தோல்பைக்குப் போகிறது. அங்கிருந்து விரல்கள் வாசிக்கும் குழலுக்கும், இடைவிடாமல் சுருதி தரும் 3 குழாய்களுக்கும், மணிக்கட்டால் தட்டிச் சுரக்கூட்டுகளை எழுப்பும் இன்னும் 3 குழாய்களுக்கும் பிரிகிறது. வாசிக்கும் குழலுக்கு 2 ஸ்தாயி எட்டும். அதன் உயிர் சீவாளியில் இருக்கிறது. நாகசுரத்தின் சீவாளியைப் போலவே இதுவும் நாணல் தட்டையிலிருந்து சீவி எடுக்கும் இரட்டை நாக்குதான். ஆனால் நாகசுரக்காரர் சீவாளியை வாயில் நனைத்துப் பதப்படுத்துவார். இங்கே உதடு அதைத் தொடுவதே இல்லை. துருத்தியின் உலர்ந்த காற்றில் உலர்ந்தே ஒலிக்க வேண்டும். மழை பிடித்தாலும் வெயில் காய்ந்தாலும், ஊர் மாறினாலும் அதன் குணம் மாறும். அதைச் சீவவும் சரிசெய்யவும் தெரிந்த ஒருவர் அருகில் இல்லையென்றால், விலையுயர்ந்த வாத்தியம் பெட்டிக்குள் ஊமையாகக் கிடக்கும். ஆக, ஒருவர் வாசிப்பதற்கு வாத்தியம் கடைபவர், சீவாளி சீவுபவர், விரலைத் திருத்துபவர், உட்கார்ந்து கேட்பவர் என நான்கு பேராவது பின்னால் இருக்க வேண்டும்.

அந்த நால்வரையும் வரலாறு ஒவ்வொருவராகப் பிரித்தது. 18ஆம் நூற்றாண்டில் உருவெடுத்த இந்த வாத்தியம் நிலப்பிரபுக்களின் மாளிகையிலும் குடியானவர்களின் அடுப்படியிலும் ஒலித்தது. 1845 முதல் 1849 வரையிலான உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் மக்கள் கப்பலேறினார்கள். கேட்கவும் கூலி கொடுக்கவும் இருந்த ஊர்களே காலியாயின. பின்னர் மலிவாக வந்த துருத்திப்பெட்டி வாத்தியங்கள் நடனத்துக்குப் போதும் என்றாயின. 1935இல் வந்த பொது நடனக்கூடச் சட்டம், உரிமம் இல்லாமல் நடனம் நடத்துவதைத் தடைசெய்தது. வீடுகளில் நடந்துவந்த நடன மாலைகளும் அதன் பெயரால் ஒடுக்கப்பட்டன. 1950களில் வேலை தேடி 4 லட்சம் பேர் அளவில் நாட்டைவிட்டுப் போனார்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு என்று இறங்கிவந்த கலைக்குக் குடும்பமே கலைந்துபோன பிறகு எது பாதுகாப்பு? இங்கேதான் சங்கம் என்ற எண்ணம் உள்ளே வருகிறது. குடும்பம் செய்துவந்த வேலையை, இரத்த உறவில்லாதவர்கள் கூடிச் செய்வதற்குப் பெயர்தான் சங்கம்.

அந்த எண்ணம் ஒரே நாளில் பலித்துவிடவில்லை. 1898இல் கார்க் நகரிலும் 1900இல் டப்ளினிலும் பைப் கலைஞர்களுக்கென்று மன்றங்கள் தோன்றின. டப்ளின் மன்றம் பிறகு சோர்ந்துபோனது. 1936இல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தவர் லியோ ரௌசம். வாத்தியம் செய்யும் குடும்பத்தில் பிறந்து, செய்வதும் வாசிப்பதும் கற்பிப்பதும் ஒருசேர வாய்த்தவர் அவர். அந்த மன்றத்தைச் சேர்ந்தவர்களும் மல்லிங்கர் ஊர் இசைக்காரர்களும் கூடி 1951இல் தொடங்கியதுதான் 'கோல்தஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஐரிஷ் இசைக்கலைஞர் சங்கம். வயலின், புல்லாங்குழல், பைப், பாட்டு, நடனம் எல்லாவற்றுக்கும் பொதுவான அது, ஊருக்கு ஊர் கிளைகளை அமைத்தது. இன்று பல நாடுகளிலும் சேர்த்து அதற்கு நூற்றுக்கணக்கான கிளைகள் இருக்கின்றன. அது நடத்தும் ஆண்டு இசைவிழாவுக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். ஆனாலும் பைப்புக்கென்றே இருந்த சிக்கல்களுக்குப் பொதுச் சங்கம் போதவில்லை. 1968இல் மீத் மாவட்டத்தின் பெட்டிஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில் பைப் கலைஞர்கள் ஒன்றுகூடி 'நா பீபரி இல்லன்' என்ற சங்கத்தை அமைத்தார்கள். பெயருக்கு வேறு பொருள் இல்லை, 'இல்லன் பைப் வாசிப்பவர்கள்', அவ்வளவுதான். முதல் தலைவர் ப்ரெந்தான் ப்ரெஹ்னக், வேளாண்மைத் துறையில் பணிபுரிந்த அரசு ஊழியர். 1963இல் நடன மெட்டுகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் இன்றும் மாணவர்களின் கைகளில் இருக்கிறது.

இந்தச் சங்கம் செய்த வேலைகளைப் பட்டியலிட்டால் அவற்றில் பகட்டானது எதுவும் இருக்காது. வாத்தியம் செய்பவர்கள் சிலரே இருந்ததால் முழு வாத்தியத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே சங்கம் தொடக்கநிலை வாத்தியங்களை வாங்கி மாணவர்களுக்கு இரவலாகக் கொடுத்தது. தோல்பை, துருத்தி, விரல்குழல் மூன்று மட்டும் அடங்கிய சிறு தொகுதி அது. கை தேறிய பிறகு சுருதிக் குழாய்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் இல்லாத ஊர்களுக்கு ஆசிரியரை அனுப்பியது. சீவாளி சீவுவதற்கென்றே வகுப்பு நடத்தியது. கருவி செய்யும் தொழிலை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பின்னாளில் ஒரு பயிற்சிக்கூடத்தையே அமைத்தது. உறுப்பினர்களுக்குச் செய்தி மடல் அனுப்பியது, பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிச் சேர்த்தது. டப்ளினின் ஹென்ரியட்டா தெருவில் 18ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றைச் செப்பனிட்டுத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டது. இவற்றில் ஒவ்வொன்றும் முன்பு சொன்ன நால்வரில் யாரோ ஒருவரின் இடத்தை நிரப்புகிறது. கலையைக் காப்போம் என்ற முழக்கத்தோடு அது நிற்கவில்லை. சீவாளி எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில் சொன்னது. ஒரு குழந்தை ஆர்வத்தோடு வரும்போது கையில் கொடுக்க வாத்தியமும், அது கரகரக்கும்போது சரிசெய்ய ஆளும், அடுத்த வாரம் போய் உட்கார இடமும் இருப்பதுதான் ஆதரவு என்ற சொல்லின் முழுப்பொருள்.

சங்கத்துக்கு வெளியே இந்த இசை புழங்கும் இடத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு 'செஷன்' என்று பெயர். மதுக்கடையின் ஒரு மூலையிலோ வீட்டுக்கூடத்திலோ நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்து வாசிப்பார்கள். பெரும்பாலும் ஒலிபெருக்கி இருக்காது. ஒருவர் மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் சும்மா இருந்து கேட்பார்கள். மெட்டுகள் 8 அளவுகள் கொண்ட சிறு பகுதிகளாக அமைந்து திரும்பத் திரும்ப வருவதால், கேட்டே பிடித்துக்கொள்ள முடிகிறது. புதியவர்களுக்கென்றே மெதுவான வேகத்தில் நடக்கும் செஷன்களும் உண்டு. ஒலிபெருக்கி இல்லாததன் விளைவு ஒலியின் இனிமையோடு முடிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டுமென்றால் நான் அடக்கி வாசிக்க வேண்டும். நான் கேட்க வேண்டுமென்றால் அவர் அடக்கி வாசிக்க வேண்டும். கற்பவர் ஆசிரியரின் விரலையும் முழங்கையையும் இரண்டடி தூரத்தில் பார்க்கிறார். நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் சுற்றி இருக்கும்போது ஏமாற்றி வாசிக்க இடமில்லை. சிறிய இடமும் அருகிலுள்ள செவிகளும்தான் இந்த இசையின் பாடசாலை. வாசிப்பவரைப் போலவே கேட்பவரும் அங்கேதான் உருவாகிறார்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, ஒலிப்பதிவு இருக்கும்போது சங்கம் எதற்கு என்பது. எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிற காலத்தில் இது நியாயமான கேள்விதான். இதற்கு இல்லன் பைப்பின் வரலாறே பதில் தருகிறது. பேட்ஸி டூஹி என்ற மாபெரும் கலைஞர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் தன் வாசிப்பை மெழுகு உருளைகளில் பதிந்து அஞ்சல்வழி விற்றார். சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த ஃப்ரான்சிஸ் ஓ நீல் 1903இல் 1,850 மெட்டுகளைச் சுரக்குறிப்போடு அச்சிட்டார். ஊர் ஊராக அலைந்து வாசித்த ஜானி டோரனை ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம் 1947இல் பதிவுசெய்தது. ஒலியும் இருந்தது, குறிப்பும் இருந்தது. ஆனாலும் வாசிப்பவர்களின் எண்ணிக்கை 100க்குக் கீழே இறங்கியது. பதிவு இசையைக் காட்டும். சீவாளியின் எந்த இடத்தில் ஒரு மயிரிழை கூடுதலாகச் சுரண்ட வேண்டும் என்பதைக் காட்டாது. தோள் இறுகியிருக்கிறது, பையை அழுத்தாதே என்று சொல்லாது. அதேசமயம், சங்கம் உயிரோடு இருக்கும் இடத்தில் பதிவு பெருஞ்செல்வமாகிறது. டோரனின் பதிவிலிருந்து பிற்காலத்தவர்கள் ஒரு பாணியையே கற்றார்கள். இன்று நா பீபரி இல்லன் சங்கம் காணொளிப் பாடங்களை உலகுக்குத் திறந்து வைத்திருக்கிறது. கருவூலம் வேண்டியதுதான், அதைத் திறந்து எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்த கைகளும் வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. கலையைத் தூக்கி நிறுத்தியவர்கள் நட்சத்திரங்கள் அல்லவா, 1970களில் 'ப்ளாங்ஸ்டி' போன்ற குழுக்கள் வந்திராவிட்டால் இளைஞர்கள் இந்தப் பக்கம் திரும்பியிருப்பார்களா என்று கேட்கிறார்கள். ஆசையை மூட்டியதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் காலவரிசையைக் கவனியுங்கள். ப்ளாங்ஸ்டி அமைந்தது 1972இல். அதில் பைப் வாசித்த லியாம் ஓ ஃப்ளின், சிறுவயதில் லியோ ரௌசமிடம் பாடம் கேட்டவர். பின்னர் மூத்த பைப் கலைஞர்களான வில்லி க்ளான்சியிடமும் ஷேமஸ் என்னிஸிடமும் பழகித் தன் வாசிப்பை ஆழப்படுத்திக்கொண்டவர். என்னிஸின் பழம்பெரும் வாத்தியமே அவர் மறைவுக்குப் பின் ஓ ஃப்ளின்னின் கைக்கு வந்தது. அந்த நட்சத்திரம் உதித்த வானமே 1936இல் மன்றத்தை மீட்ட ஒருவரும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் உண்டாக்கியது. இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேடையில் கேட்டு மயங்கிய இளைஞன் மறுநாள் வாத்தியம் தேடிக் கிளம்புகிறான். அன்று வாத்தியமும் ஆசிரியரும் கிடைக்காவிட்டால் அந்த ஆசை ஒரு மாதத்தில் வாடிவிடும். 1968இல் அமைந்த சங்கம் அந்த இளைஞனை எதிர்கொள்ளத் தயாராக இருந்தது. 1973இல் க்ளான்சி இறந்தபோது, அவர் ஊரான மில்டவுன் மல்பேயில் அதே ஆண்டு கோடையில் அவர் பெயரால் ஒரு பள்ளி தொடங்கியது. இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆள் போன பிறகும் அவர் கற்பித்தது நிற்க, அருகில் கூடியிருந்தவர்கள் வேண்டும்.

மூன்றாவது, சங்கங்கள் இசையை ஒரே அச்சில் வார்த்துவிடுகின்றன என்ற குற்றச்சாட்டு. இதில் உண்மை இருக்கிறது. கோல்தஸ் நடத்தும் போட்டிகள் வயதுப்பிரிவுகளாக, மாவட்டம், மாகாணம், நாடு என்று படிப்படியாக நடக்கின்றன. நடுவருக்கு எது பிடிக்கும் என்று பார்த்து மாணவரைத் தயார்செய்யும்போது, ஸ்லைகோ மாவட்டத்தின் வயலினும் டொனகல் மாவட்டத்தின் வயலினும் தங்களுக்கேயுரிய மண்வாசனையை இழக்கும் அபாயம் உண்டு. அயர்லாந்துக்குள்ளேயே இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்துவந்திருக்கிறது. ஆனாலும் போட்டி குழந்தைகளுக்கு ஓர் இலக்கைக் கொடுத்தது, ஒதுங்கிக் கிடந்த ஊர்களிலிருந்து அவர்களை வெளியே அழைத்துவந்தது என்பதும் உண்மை. இங்கே குறை இருப்பது சங்கத்தின் ஒரு கருவியில். சங்கம் என்ற அமைப்பை அது பொய்யாக்கிவிடாது. பைப் கலைஞர்களின் சங்கம் வேறு வழியைத் தேர்ந்தது. அதன் ஆண்டுக் கூடுகைக்கு 'சினோல்' என்று பெயர். அங்கே வகுப்பு, உரை, கச்சேரி, இரவெல்லாம் கூடி வாசித்தல் ஆகியவைதான் நடக்கின்றன. ஒருவரை ஒருவர் வெல்லவேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் நெருக்கமாகத் தொடுத்த விரலடிப் பாணியும் விரித்துப் பாயும் விரலடிப் பாணியும் அருகருகே வாழ முடிகிறது. உள்ளூர்ப் பாணியைக் காக்க வேண்டுமென்றால் உள்ளூர்க்காரர்களே நடத்தும் சங்கங்கள் நிறைய வேண்டும், குறையக் கூடாது.

நான்காவது கேள்வி வயிற்றைப் பற்றியது. கூடி வாசிப்பது மகிழ்ச்சிதான், அதனால் அடுப்பு எரியுமா? செஷனில் பெரும்பாலானவர்கள் இலவசமாக வாசிக்கிறார்கள். கடைக்காரர் வட்டத்தை நடத்திச் செல்லும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் பணம் தருவது வழக்கம். இலவசமாக வாசிக்க ஆள் கிடைக்கும்போது தொழிலாக வாசிப்பவரின் மதிப்பு குறைகிறது என்ற மனக்குறை நியாயமானது. இங்கே ஒரு நல்ல சங்கம் செய்ய வேண்டியது, நட்புக்கும் வேலைக்கும் இடையே கோடு கிழிப்பது. வட்டத்தில் உட்கார்ந்து வாசிப்பது நட்பு, அதற்கு விலை வேண்டாம். கற்பிப்பதும் கச்சேரி செய்வதும் வாத்தியம் கடைவதும் வேலை, அதற்குக் குறைவில்லாத ஊதியம் தர வேண்டும். இந்தக் கோட்டைத் தனிக்கலைஞரால் கிழிக்க முடியாது. கேட்கக் கூச்சம், கேட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்ற அச்சம். சங்கம் கேட்கலாம். பொதுப்பணமும் இதே வழியில்தான் வருகிறது. அயர்லாந்து அரசின் கலைப் பேரவை இன்று இத்தகைய அமைப்புகளுக்கு நிதியுதவி தருகிறது. ஆகவே காப்பாற்றியது அரசுதானே என்று சிலர் சொல்லலாம். கணக்கு வைத்து, கூட்டம் நடத்தி, பொறுப்பேற்கும் அமைப்பு ஒன்று ஏற்கெனவே இருந்ததால்தான் அந்தப் பணம் போய்ச் சேர ஒரு முகவரி கிடைத்தது. சிதறிக்கிடக்கும் நூறு பேருக்கு எந்த அரசாலும் உதவ முடிவதில்லை.

கடைசியாக, வட்டம் என்பது உள்ளே இருப்பவர்களுக்கு இதமானது, வெளியே நிற்பவர்களுக்கு முதுகு. இதை நான் மிகக் கனமான எதிர்வாதமாகக் கருதுகிறேன். இல்லன் பைப்பின் மிகச் சிறந்த கலைஞர்களில் ஜானி டோரன் உட்படப் பலர், 'ட்ராவலர்' எனப்படும் நாடோடிச் சமூகத்தவர். அந்தச் சமூகத்தின் இசையைக் கொண்டாடிய அதே நாடு அந்தச் சமூகத்தை ஒதுக்கியே வைத்திருந்தது. பெண்களின் நிலையும் அப்படியே. பைப் ஆண்களின் வாத்தியம் என்ற எண்ணம் நெடுநாள் நிலைத்தது. பெண் கலைஞர்கள் முன்பும் இருந்தார்கள் என்பதைத் தானும் பைப் கலைஞரான லூயிஸ் முல்காஹி போன்றவர்கள் ஆராய்ந்து எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. ஒரு சங்கம் தன் கலையைக் காக்கிறதா, தன் ஆட்களை மட்டும் காக்கிறதா என்று அதன் உறுப்பினர்களே அவ்வப்போது கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு மருந்து வட்டத்தைக் கலைப்பது அல்ல, ஒரு நாற்காலியை எப்போதும் காலியாக வைத்திருப்பது. வாத்தியத்தை இரவல் கொடுக்கும் ஏற்பாடு இங்கே தன் முழு மதிப்பைக் காட்டுகிறது. வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இசைக் குடும்பத்தில் பிறக்காத பெண்ணுக்கும் அது வாசலைத் திறக்கிறது.

அந்த 21 ஆண்டுக் கணக்குக்கே திரும்புவோம். ஒரு நிகழ்ச்சி நிறுவனம் அடுத்த பருவத்தைப் பார்க்கும். ஓர் அரசுத் திட்டம் தன் நிதியாண்டுகளைப் பார்க்கும். நல்லாசிரியர் ஒருவர் தன் ஆயுள் வரை பார்ப்பார். 21 ஆண்டுகளை நிதானமாகக் கணக்கில் எடுக்கக்கூடியது, ஆட்கள் மாறினாலும் தான் மாறாமல் நிற்கும் சங்கம் ஒன்றுதான். 1968இல் அந்தக் கடற்கரை ஊரில் கூடிய பலர், தாங்கள் தொடங்கியதன் முழு விளைச்சலைப் பார்க்க இருக்கவில்லை. லியோ ரௌசம் இரண்டே ஆண்டுகளில், 1970இல் இறந்தார். இன்று டப்ளினில் ஒரு சிறுமி சங்கத்தின் வாத்தியத்தை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், அவள் தேர்ந்த கலைஞராகும் நாளில் அதைக் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கொடுத்தவர் அதை அறிந்தே கொடுக்கிறார். அவள் திருப்பிக் கொடுக்கும் வாத்தியம் அடுத்த பிள்ளைக்குப் போகும்.